செவிமடுத்தலை ஆய்வாக்கிய கிரீந்திரசேகர போஸ்

திருகோணமலை என்றதும் உலகம் நினைவுகூர்வது அதன் இயற்கைத் துறைமுகத்தையே ஆகும். அதன் ஆழத்தையும், சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும், வல்லரசுகள் அதன்மீது கொண்டுள்ள நாட்டத்தையும் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. ஆயினும், அத்துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களின் உள்ளங்களில் பல தசாப்தங்களாகச் சேர்ந்துள்ள துயரின் ஆழத்தை அளந்தறிவதில் நாம் அந்த அளவுக்கு அக்கறை காட்டவில்லை.

1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தம் இம்மாவட்டத்தில் தொடாத வீடு இல்லை எனலாம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், குச்சவெளி முதலிய கரையோரங்களைச் சிதைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. 2006 ஜனவரியில் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்தது. அதனைத் தொடர்ந்த வன்முறையில் மேலும் உயிர்கள் பறிபோயின. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் உடுத்த உடையுடன் கந்தளாயை நோக்கி நடந்தனர். அதே மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். சம்பூர்த் தமிழர் தம் காணிகளை இழந்து பல ஆண்டுகள் முகாம்களில் காத்திருந்தனர். யுத்தம் ஓய்ந்து 12 ஆண்டுகளின் பின்னர், 2021 நவம்பரில், குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார்கள் மாண்டனர்.

ஆழிப்பேரலையின் பின்னர் இக்கரையோரங்களுக்கு உளவளத்துணை என்னும் சொல் பெருமளவில் வந்து சேர்ந்தது. அதனை ஏந்திவந்த வெளிநாட்டவர் பலர் நல்லெண்ணம் படைத்தவர்களே. எனினும், அவர்களுட் பலர் தம் நாடுகளில் ஆக்கப்பட்ட வினாக்கொத்துகளை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தனர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பேசினர். திட்டக்காலம் முடிந்ததும் திரும்பிச் சென்றனர். பிற நாட்டில் பிறந்த உளவியல் அறிவை நம் மக்களிடம் எவ்வாறு கொண்டுசெல்வது, எதனை ஏற்பது, எதனைச் சோதித்துப் பார்ப்பது என்னும் வினாக்கள் அப்போது எழுந்தன. அவை இன்றும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை.

இதே வினாக்களை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், வங்காள விரிகுடாவின் வடகோடியில் உள்ள மற்றுமொரு துறைமுக நகரில் ஒருவர் எதிர்கொண்டார். அவர் கல்கத்தாவின் வைத்தியர், உளவியற் பேராசிரியர், ஆய்வாளர் கிரீந்திரசேகர போஸ். கல்கத்தாவின் கல்வி மரபு திருகோணமலைக்கு அந்நியமானதன்று. அந்நகரை அடுத்த பேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இராமகிருஷ்ண மிஷனின் துறவியான சுவாமி விபுலாநந்தர் 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியை வழிநடத்தினார் என்பதை இங்குள்ள மூத்த தலைமுறையினர் அறிவர். விபுலாநந்தரின் சமகாலத்தவரான போஸைப் பற்றியோ நம்மவர் அதிகம் பேசியதில்லை.

கிரீந்திரசேகர போஸ் 1887 ஜனவரி 30 ஆம் திகதி பீகாரிலுள்ள தர்பங்காவில் பிறந்தார். தந்தை சந்திரசேகர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாகக் கடமையாற்றியவர். தமையனார் ராஜசேகர போஸ், பரசுராம் என்னும் புனைபெயரில் வங்காள நகைச்சுவை இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றவரும் அகராதி ஆசிரியருமாவார். அறிவியலையும் மொழியையும் ஒருசேரப் போற்றிய குடும்பம் அது. இளையவரின் ஆய்வு வாழ்விலும் இவ்விரண்டும் இணைந்தே சென்றன.

மாநிலக் கல்லூரியில் பயின்ற பின்னர், 1910 இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வைத்தியத் தொழிலில் இறங்கினார். மாணவப் பருவம் முதலே அறிதுயில் எனப்படும் ஹிப்னாட்டிசத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. உடலில் பழுதொன்றும் இல்லாதிருந்தும் நோயால் வருந்துவோர் பலர் தம்மிடம் வருவதை அவர் கண்டார். அத்தகையோர் மருந்தால் தேறவில்லை. அறிதுயில் சிலருக்கு உதவியது. ஆனால் காரணம் விளங்காத சிகிச்சையுடன் நிறைவடைய அவரது மனம் இடந்தரவில்லை. நோயாளர் தம் வாழ்வைப் பற்றித் தங்கு தடையின்றிப் பேசுமாறு விட்டு, அதனைக் கவனமாகச் செவிமடுக்கும் வழிக்கு அவர் படிப்படியாக வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் வியன்னாவில் சிக்மண்ட் புரொய்ட் உளப்பகுப்பாய்வு என்னும் துறையை வளர்த்துக் கொண்டிருந்தார். அவரது நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் வந்திராத காலம் அது. கிடைத்ததைப் படித்த போஸ், தாம் நோயாளரிடம் கண்டவற்றுடன் அதனை ஒப்பிட்டு நோக்கினார். பிறருடைய கொள்கையை முதலில் கற்று, பின்னர் அதற்கு உதாரணம் தேடியவர் அல்லர் அவர். முதலில் நோயாளரின் பேச்சைக் கேட்டார். அதன் பின்னரே கொள்கைகளை உரைத்துப் பார்த்தார். அவரது ஆய்வு வாழ்வு முழுவதற்கும் அடித்தளமாய் அமைந்தது இவ்வொழுங்கே ஆகும்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித்துறையாகத் தொடங்கப்பட்டபோது, தொழில் செய்துகொண்டிருந்த வைத்தியரான போஸ் மீண்டும் மாணவரானார். 1917 இல் உளவியலில் முதுமாணிப் பட்டம் பெற்று, அத்துறையிலேயே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1921 இல் அவர் அளித்த ஆய்வேடு அவருக்குக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. இந்தியப் பல்கலைக்கழகமொன்று உளவியலில் வழங்கிய முதலாவது கலாநிதிப் பட்டம் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது. ஏற்கவோ தாங்கவோ முடியாத விருப்பங்களை மனம் தானறியாமலே உள்ளே அமுக்கி மறைப்பது எவ்வாறு என்பதே அவ்வாய்வின் பொருள்.

அவ்வாய்வேட்டை அவர் புரொய்டுக்கு அனுப்பிவைத்தார். முன்பின் அறியாத தூரதேசமொன்றில் தம் துறை இத்துணை ஆழமாகப் பயிலப்படுவது கண்டு புரொய்ட் வியப்பும் மகிழ்வும் தெரிவித்தார். 1937 வரை தொடர்ந்த கடிதத் தொடர்பின் தொடக்கம் அது. இருவரும் ஒருபோதும் நேரில் சந்தித்ததில்லை. புரொய்டின் உருவம் எவ்வாறிருக்கும் என அறியாத நிலையில், ஓவியர் ஜதீந்திரகுமார் சென் கற்பனையாக வரைந்த படமொன்றைப் போஸ் அவருக்கு அனுப்பிய நிகழ்வு சுவையானது. புரொய்டின் 75 ஆவது பிறந்தநாளையொட்டி 1931 இல் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட தந்த விஷ்ணு சிலை, இலண்டனில் அவர் வாழ்ந்த இல்லத்து அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

1922 இல் கல்கத்தாவின் பார்சி பகான் ஒழுங்கையில் அமைந்த தமது இல்லத்தில் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில் அது சர்வதேசச் சங்கத்துடன் இணைக்கப்பட்டது. காலனித்துவ ஆட்சிக்குட்பட்ட நாடொன்றில், அந்நாட்டவர் ஒருவரின் தலைமையில், ஐரோப்பிய அறிவுத்துறையொன்றுக்கு இவ்வாறானதொரு சங்கம் தோன்றியமை அக்காலத்தில் சிறிய விடயமன்று. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய இராணுவ வைத்தியர்களும் அதில் அங்கத்தவர்களாயினர்.

எனினும், போஸ் புரொய்டின் எதிரொலியாக இருக்கவில்லை. மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் அதன் எதிர்விருப்பமும் உடன் பிறக்கின்றது என்பது அவர் வகுத்த தனிக்கொள்கை. ஒருவனை அடிக்க விரும்பும் மனத்தில், அடிபடும் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் விருப்பமும் மறைவாய் உறைகின்றது. முன்னது நனவில் எழும்போது பின்னது அமுங்கிவிடுகின்றது. அமுங்கியதை வெளிக்கொணர்ந்து இரண்டையும் நோயாளர் ஒருசேர உணரச் செய்வதே சிகிச்சை என்றார் அவர். செய்பவனும் செய்யப்பட்டவனும் ஒருவர் நிலையில் மற்றவர் நின்று பார்க்கும் ஆற்றலே உளநலத்தின் அடிப்படை என்பது அதன் உட்பொருள்.

தந்தையிடம் மகன் கொள்ளும் அச்சத்தை மையமாக வைத்துப் புரொய்ட் எழுப்பிய விளக்கம், தம்மிடம் வந்த வங்காள நோயாளரிடம் அதே வடிவிலும் வலுவிலும் காணப்படவில்லை என்பதையும் போஸ் வெளிப்படையாக எழுதினார். 1929 இல் தம் கட்டுரைகளைப் புரொய்டின் பார்வைக்கு அனுப்பினார். புரொய்ட் அவற்றை மதித்தாரேயன்றி முழுவதும் ஏற்கவில்லை. போஸும் தம் நிலையைக் கைவிடவில்லை. ஆசானாகக் கருதியவரை வாழ்நாள் முழுதும் போற்றிக்கொண்டே, தம் நோயாளரின் வாய்மொழி வேறொன்றைச் சொல்லும் இடத்தில் அவ்வாய்மொழியின் பக்கம் நின்றார். போஸின் கொள்கைகள் யாவற்றையும் இன்றைய உளவியல் ஏற்றுக்கொள்வதில்லை. புரொய்டின் கொள்கைகளுக்கும் அதே நிலைதான். ஆயினும் சான்றின் பக்கம் நின்ற அந்த ஆய்வு நேர்மைக்கு வயதில்லை.

ஆங்கிலத்தில் ஆய்வுரைகள் எழுதிய அவர், கனவுகளைப் பற்றிய நூலைத் தாய்மொழியான வங்காளத்தில் எழுதினார். புராணங்களையும் பகவத்கீதையையும் உளவியல் நோக்கில் ஆராய்ந்தார். குழந்தைகளுக்கான கதைநூலும் அவர் எழுதியதுண்டு. மனத்தைப் பற்றிய சிந்தனை ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய சரக்கு என்றோ, எல்லாம் நம் முன்னோர் சொல்லிவைத்ததே என்றோ அவர் கருதவில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் சோதித்தார்.

இவ்விடத்தில் நமது முஸ்லிம் வாசகர்களுக்கு நினைவூட்டத்தக்க பெயரொன்று உண்டு. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்தவர். அச்சம், கோபம், துயரம், ஓயாது அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வகுத்து, அவற்றுக்கு வார்த்தைகளாலும் சிந்தனைப் பயிற்சியாலும் சிகிச்சை கூறினார். அந்நூலின் உளநலப் பகுதி 2013 இல் சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்தது. உளநோய்க்கு உதவி நாடுவது ஈமானின் குறைவு என்றோ, குலத்துக்கு இழுக்கு என்றோ கருதுவோர் இரு சமூகங்களிலும் இன்றும் உள்ளனர். இரு மரபுகளின் அறிஞர்களும் அவ்வாறு கருதவில்லை என்பதை அவர்கள் அறிதல் நன்று.

போஸின் பணி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1933 இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் உளநோயாளருக்கான வெளிநோயாளர் பிரிவு அவரது முயற்சியால் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பொது வைத்தியசாலையொன்றில் அமைந்த முதலாவது உளமருத்துவப் பிரிவாக அது கருதப்படுகின்றது. உளநோயாளர் என்றால் ஊருக்கு அப்பால் உயர்ந்த மதில்களுக்குள் அடைக்கப்பட வேண்டியவர் என்றிருந்த காலத்தில், காய்ச்சலுக்கு மருந்து பெற வருவோர் நுழையும் அதே வாசலால் அவர்களும் நுழையலாம் என்றாயிற்று. 1940 இல், தமையனார் ராஜசேகர போஸ் வழங்கிய இடத்தில், லும்பினி பார்க் உளநல வைத்தியசாலை தோன்றியது. தொடக்கத்தில் அதில் மூன்று கட்டில்களே இருந்தன.

அவ்வைத்தியசாலை அமைந்த இரண்டாம் ஆண்டில் வங்காள விரிகுடாவின் இரு துறைமுகங்களும் யுத்தத்தின் நிழலில் சிக்கின. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. டிசெம்பரில் கல்கத்தாவின்மீதும் குண்டுகள் விழுந்தன. வங்காளத்தின் புரட்சிக்கவி காஜி நஸ்ருல் இஸ்லாம் நோயுற்றுப் பேச்சையும் நினைவையும் இழந்தது அவ்வாண்டில்தான். இஸ்லாமியப் பாடல்களையும் காளியைப் போற்றும் பாடல்களையும் ஒரே பற்றுடன் இயற்றி, இரு சமூகங்களின் நெஞ்சிலும் இடம்பிடித்த கவிஞர் அவர். லும்பினி பார்க்கில் அவர் சேர்க்கப்பட்டு, போஸின் கவனிப்பில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருந்தார். புத்தர் பிறந்த மண்ணின் பெயரைத் தாங்கிய வைத்தியசாலையில், இந்து வைத்தியர் ஒருவரின் பொறுப்பில், முஸ்லிம் கவிஞர் ஒருவர்.

கவிஞர் குணமடையவில்லை. 1953 இல் வியன்னா வைத்தியர்கள் அவரைப் பரிசோதித்து, மூளை படிப்படியாகச் சுருங்கும் நோய் அவரைப் பீடித்துள்ளது என்னும் முடிவுக்கு வந்தனர். பேச்சாலும் செவிமடுத்தலாலும் தீர்க்கத்தக்க நோய் அன்று அது. பின்னர் வங்காளதேசத்தின் தேசியக் கவியாகப் போற்றப்பட்ட அவர், 1976 இல் டாக்காவில் காலமாகும் வரை பேச்சற்றவராகவே இருந்தார். போஸின் வாழ்வை எழுதுவோர் இதனைத் தோல்வி என ஒதுக்கிவிடுதல் முறையன்று. மூளையின் நோய்க்கும் உள்ளத்தின் துயருக்கும் இடையிலான எல்லையை அறிவதும், தன்னால் இயலாததை உரிய வைத்தியரிடம் ஒப்படைப்பதும் உளவளத்துணையாளரின் முதற்கடமைகளுள் ஒன்று என்பதை இந்நிகழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

1929 முதல் இருபது ஆண்டுகள் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைக்குத் தலைமை தாங்கிய போஸ், 1947 இல் சமீக்ஷா என்னும் ஆய்விதழையும் தொடக்கிவைத்தார். 1953 ஜூன் 3 ஆம் திகதி, 66 ஆவது வயதில் காலமானார். அவருக்குப் பின்னரும் சங்கம், வைத்தியசாலை, ஆய்விதழ் ஆகியன தொடர்ந்து இயங்கின. தனிமனிதரின் திறமை நிறுவனமாக உருப்பெற்றாலன்றி அடுத்த தலைமுறையைச் சென்றடையாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அவரது வாழ்வில் குறையே இல்லையா எனின், உண்டு. 1943 இல் வங்காளப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1946 இல் கல்கத்தாத் தெருக்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்தினர். மறு ஆண்டில் வங்காளம் இரண்டாயிற்று. இப்பேரிடர்கள் யாவும் அவர் கண்முன்னே நிகழ்ந்தன. ஆயினும் பஞ்சமும் இனக்கலவரமும் இடப்பெயர்வும் அவரது ஆய்வின் மையப்பொருளாக ஒருபோதும் ஆகவில்லை. அவர் தனிமனிதரின் உள்ளத்தை நோக்கினார். ஒரு சமூகம் முழுவதும் காயப்படும்போது நேர்வதை ஆராயும் பணி பின்வந்தோருக்கு விடப்பட்டது. செய்பவனும் செய்யப்பட்டவனும் பற்றிய கொள்கையை வகுத்தவர் அதனைத் தம் நகரத்துத் தெருக்களுக்குப் பொருத்திப் பார்த்திருப்பாராயின், திருகோணமலை போன்ற மாவட்டங்களுக்கு அதனினும் பயனுள்ள ஆய்வு வேறு இருந்திராது என்றே நாம் எண்ணுகின்றோம்.

அப்பணியை நமது நாட்டில் சிலர் தொடங்கியுள்ளனர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தால் வடுப்பட்ட மனங்களைப் பற்றி 1998 இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் தமிழ்ச் சமூகத்தின் உளப்பாதிப்பை விரிவாக ஆராய்ந்தார். இலங்கையரான உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ, வெளிநாட்டு வினாக்கொத்துகளை அப்படியே பயன்படுத்தாது, இலங்கை மக்கள் தம் துயரை விவரித்த கதைகளிலிருந்தே அளவுகோல் ஒன்றை ஆக்கினார். குடும்பத்திலும் சமூகத்திலும் தம் இடத்தையும் கடமையையும் இழந்ததையே நம் மக்கள் பெருங்காயமாக உணர்கின்றனர் என்பதை அத்தகைய ஆய்வுகள் சுட்டுகின்றன. காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய், தன் நெஞ்சு எரிகின்றது என்கின்றார். அச்சொல்லின் பொருளை எந்த மொழிபெயர்ப்பு வினாக்கொத்தும் அவருக்காகச் சொல்லிவிடாது.

திருகோணமலை மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழை. துயரைச் சொல்லும் வழக்குகளிலும் பெரும்பகுதி இருவருக்கும் பொதுவானதே. ஆயினும் ஒருவரின் துயரை மற்றவர் இருந்து கேட்ட சந்தர்ப்பங்கள் குறைவு. மூதூரிலிருந்து நடந்த முஸ்லிம் தாயின் கதையைத் தமிழ் உளவளத்துணையாளரும், சம்பூரை இழந்த தமிழ் விவசாயியின் கதையை முஸ்லிம் உளவளத்துணையாளரும் பொறுமையுடன் செவிமடுக்கும் நாள் வரவேண்டும். சிங்களக் கிராமங்களின் இழப்பையும் அவர்கள் கேட்டறிதல் வேண்டும். அத்தகைய செவிமடுத்தலே இம்மாவட்டத்தின் நல்லிணக்கத்துக்கு மெய்யான தொடக்கமாக அமையும்.

இதற்கு நிறுவனங்கள் வேண்டும். பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்களும், வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவினரும், ஆசிரியர்களும், கோயில் மற்றும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் தனித்தனியே பெறும் அனுபவம், பெயர்களும் அந்தரங்கமும் காக்கப்பட்டு, முறையான ஆய்வாகத் தொகுக்கப்பட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இப்பணிக்குத் தலைமை ஏற்கலாம். அவ்வாய்வுகள் தமிழிலும் எழுதப்பட வேண்டும். ஆய்வுக்குத் தம் கதையைத் தந்தவர் அதனைத் தாமே படிக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும்.

மூன்று கட்டில்களுடனும் ஓர் இல்லத்து அறையுடனும் தொடங்கிய கல்கத்தா மனிதர், பெருநிதி கிடைக்கும் வரை காத்திருக்கவில்லை. திருகோணமலையின் இளம் பட்டதாரிகளுள் சிலரேனும் உளவியலைத் தொழிலாக மட்டுமன்றி ஆய்வாகவும் ஏற்று, தம் அயலவரின் வார்த்தைகளைக் கேட்டு எழுத முன்வருவார்களாயின், இம்மண்ணின் இரு சமூகங்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் என்பதே நமது எதிர்பார்ப்பாகும்.